நாலு பருவத்து விருந்தாளி

மார்ச் 11

அன்புள்ள அக்கா,

போனில் பேசினால் நமக்குள் சண்டையில்தான் முடிகிறது. போன தடவை நீ பாதியில் வைத்தாய், அதற்கு முந்தின தடவை நான் வைத்தேன். அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, நானும் கத்த முடியாது.

பேசி முடித்ததை ஒருமுறை எழுதி வைத்துவிடுகிறேன், பிறகு யாரும் மாற்றிப் பேசக் கூடாது. அடுத்த மார்ச்சில் அத்தானுக்கு வெளிநாட்டில் வேலை. என் குட்டியும் உங்களோடு வரவேண்டுமானால் நான் அவளைச் சட்டப்படி உங்களுக்குத் தத்துக் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். நான் மாட்டேன் என்றேன், நீ அழுதாய். கடைசியில் நான் ஒரு வருஷம் கேட்டேன். பருவத்துக்கு ஒரு தடவை, நாலு நாள், அவளை இங்கே கூட்டி வருவாய். பூக்காலம், மழைக்காலம், இலையுதிர் காலம், பனிக்காலம். நாலும் முடிந்த பிறகு, இங்கே என்னோடு இருக்கிறாளா, உங்களோடு வருகிறாளா என்று அவளையே கேட்போம். ஏழு வயசுப் பிள்ளையிடமா கேட்பது என்றாராம் அத்தான். வேறு யாரிடம் கேட்கச் சொல்கிறார்?

என் வீட்டுக்காரர் இறந்தபோது குட்டிக்கு மூன்று வயசு. ஆறே மாசம் பார்த்துக்கொள் என்று உன்னிடம் விட்டுவிட்டு இந்தக் கோடை மாளிகைக்குக் கைடு வேலைக்கு வந்தேன். குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு வீடு உண்டு, வரிசைப்படி வரும் என்றார்கள். ஆறு மாசம் நாலு வருஷமாகிவிட்டது. வரிசையில் என் பெயர் இப்போது மூன்றாவது. அதுவரைக்கும் ஊழியர் விடுதிதான். அங்கே பிள்ளைகளைத் தங்கவைக்கக் கூடாது என்பது சட்டம். நானாக வைத்த சட்டம் இல்லை, அக்கா.

பயப்படாதே, உங்கள் இருவருக்கும் ஏரிக்கரையில் இருக்கும் பழைய ஓட்டலில் மூலை அறை சொல்லிவைத்திருக்கிறேன். அந்தக் காலத்துப் பிரபுக்கள் தங்கிய அறை. அவளுக்கு என்னென்ன காட்டுவது என்று பட்டியலே போட்டுவிட்டேன். இந்த ஊரை என்னைப்போலச் சுற்றிக்காட்ட ஆளே இல்லை என்று மேலாளரே சொல்வார். என் பிள்ளைக்குக் காட்டாமல் யாருக்குக் காட்டப்போகிறேன்.

உன் தங்கை

ஏப்ரல் 24

தங்கச்சிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். வளைவுகளில் மூன்று தடவை வாந்தி. எடுத்தது உன் குட்டி, அந்த வாலு இல்லை, நான். அவள் என் முதுகைத் தட்டிக்கொடுத்து, ரயில் பாதை போடுவதற்கு முன்னால் மேலே வர மனுஷர்களுக்குப் பதினோரு நாள் ஆனதென்று பாடம் நடத்திக்கொண்டே வந்தாள். எல்லாம் உன் உபயம்.

நீ அருமையாகச் சுற்றிக்காட்டினாய், அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மாளிகைக்கு நூற்றுப் பன்னிரண்டு ஜன்னல், பியானோவைச் சுமந்து வந்தவர்கள் பதினாறு பேர், வாசித்தவர் ஒருவர், அதுவும் தப்பாக. இதைச் சொல்லிச் சொல்லி இங்கே பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களைப் பார்த்தாலே கதவைச் சாத்துகிறார்கள். மருந்துக்கடைக்கு வந்து என் வாடிக்கைக்காரர்களிடமும் சொல்கிறாள். இருமல் மருந்துக்கு வந்தவர் பாவம், இருமிக்கொண்டே கேட்டார்.

ஒன்று சொல்கிறேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. நாலு நாளும் நீ எங்களுக்கு முன்னால் ரெண்டு அடி தள்ளியே நடந்தாய். பின்பக்கமாக நடந்து, கையைக் காட்டிக் காட்டிப் பேசினாய். அவள் கையை ஒரு தடவைகூட நீ பிடிக்கவில்லை. தொழில் பழக்கம் என்று எனக்குப் புரிகிறது. அவளுக்குப் புரியுமா? பஸ்ஸில் வரும்போது கேட்டாள், "மலையம்மா எங்க தூங்குவாங்க? மாளிகையிலயா?" என்று. உன்னை அப்படித்தான் சொல்கிறாள். மாளிகையில் தூங்கினால் மேலாளர் சும்மா விடுவாரா என்று சிரித்து மழுப்பிவிட்டேன்.

அடுத்த தடவை நீ இருக்கும் இடத்தைக் காட்டு. அவளுக்கு ஏரி போதும்.

அக்கா

ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்கா,

நீங்கள் கிளம்பிய பிறகும் இங்கே மழை விடவில்லை. இந்த மழையில் சுற்றுலாக்காரர்கள் யாரும் வருவதில்லை. நீயும் அவளும்தான் வந்தீர்கள்.

விடுதியைக் காட்டவில்லை என்று வண்டி ஏறும்போது நீ பார்த்த பார்வை எனக்குத் தெரியாமலில்லை. சொல்லிவிடுகிறேன். ஓர் அறையில் நாங்கள் மூன்று பேர். சலவைக்காரி, சமையலறை உதவியாள், நான். மூன்று கட்டில், நடுவில் ஒரு கயிறு, கயிறு முழுக்க ஈரக் காலுறை. மழைக்காலத்தில் எதுவும் காயாது, அறையே புளித்த வாடை அடிக்கும். என் கட்டிலுக்கு மேலே சுவரில் பூஞ்சை. அந்த இடத்தைப் பார்த்துவிட்டு, இங்கே வா, என்னோடு இரு என்று அவளை எப்படி நான் கேட்பேன்? நீ வைத்திருக்கும் வீட்டில் அவளுக்குத் தனி மேசை, தனி அலமாரி. எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

அதனால்தான் மழையில் மாளிகைக்குள்ளேயே வைத்துக் காட்டினேன். நடன மண்டபத்தை அவளுக்காகவே திறக்கச் சொன்னேன். காவலாளி ரொம்பக் கெஞ்சவைத்தார். அந்தப் பெரிய மண்டபத்தில் அவளை மட்டும் நிற்கவைத்து மாளிகையின் முழுக் கதையையும் சொன்னேன், ஒரு வரி விடாமல். ஐம்பது பேருக்குச் சொல்வதை அவள் ஒருத்திக்குச் சொன்னேன். பாதியில் அவள் கையைத் தூக்கினாள். கேள்வி இருந்தால் கையைத் தூக்குங்கள் என்று எல்லாரிடமும் சொல்வது போல அவளிடமும் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. என்ன என்று கேட்டேன். "ஒண்ணுக்குப் போகணும்" என்றாள்.

நீ சிரித்தாய். நானும் அப்போது சிரித்தேன். விடுதிக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. பெற்ற அம்மாவிடம் எந்தப் பிள்ளை கையைத் தூக்கி அனுமதி கேட்கும்?

ஆனால் வேறு எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை, அக்கா. அவளோடு சும்மா உட்கார்ந்தால் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளுக்கு என்ன பிடிக்கும், பள்ளியில் யாரோடு சண்டை, எதற்கு அழுவாள், எதுவும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த மாளிகைதான். அதைத்தான் கொடுக்கிறேன்.

வரிசையில் இப்போது நான் இரண்டாவது.

உன் தங்கை

ஆகஸ்ட் 19

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை ரெண்டு தடவை படித்தேன். முதலில் அழுகை வந்தது, பிறகு கோபம்தான் வந்தது. கோபத்தை எழுதுகிறேன், அழுகையை நீயே ஊகித்துக்கொள்.

அவள் எதற்கு அழுவாள் என்று தெரியாதாம். தெரியாவிட்டால் கேட்பதுதானே? தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிடும்போது கேள், தானாகச் சொல்வாள். வாயை மூட மாட்டாள். பின்னிவிட்டாயா நீ? ஓட்டல் அறைக்குக் காலையில் வந்து கதவைத் தட்டிவிட்டு வெளியிலேயே நின்றாய், "ரெடியா?" என்று கேட்டுக்கொண்டு. உள்ளே வந்தால் கடித்துவிடுவோமா?

பூஞ்சை பிடித்த சுவரைப் பார்த்தால் ஓடிவிடுவாள் என்று நீயே முடிவு கட்டிவிட்டாய். போன மாசம் இங்கே கூரை ஒழுகி நடுவீட்டில் அண்டாவை வைத்திருந்தோம். அவளுக்கு வாயெல்லாம் பல். அதில் காகிதக் கப்பல் விட்டாள். பிள்ளைகளுக்குப் பூஞ்சையும் ஒன்றுதான், பிரபுக்கள் அறையும் ஒன்றுதான். உனக்குத்தான் வெட்கம்.

இன்னொன்று. இதைச் சொல்லாமல் விட்டால் நாளைக்கு நீ என்னைத்தான் திட்டுவாய். முதலில் என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டாள், நீ சொல்லிக்கொடுத்தபடி. ரெண்டு வருஷமாக வெறும் அம்மாதான். நான் சொல்லித்தரவில்லை, சத்தியம். திருத்தவும் இல்லை, அதுவும் உண்மை. நாலு டாக்டரைப் பார்த்து, பத்து வருஷம் காத்திருந்து, யாருமே கூப்பிடாத ஒரு வார்த்தை அது. அதைப் போய் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நான் உனக்கு எதிரி இல்லை. ஆனால் உனக்காக விட்டுக்கொடுக்கும் அளவுக்கு நல்லவளும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டு அடுத்த தடவையாவது அவள் கையைப் பிடித்துக்கொண்டு நட.

அக்கா

அக்டோபர் 29

அன்புள்ள அக்கா,

கையைப் பிடித்தேன், நீ பார்த்தாய். கல்லறைத் தோட்டத்திலிருந்து படகுத்துறை வரைக்கும், அந்தச் சிவப்பு மரங்களுக்கு அடியில். அவள் கை ரொம்பச் சமர்த்தாக என் கைக்குள் இருந்தது. மூக்கு அரித்தபோதுகூட இந்தக் கையை விடுவிக்காமல் மற்றக் கையால் சொறிந்துகொண்டாள். யாரோ பெரியவர்கள் பிடித்துக்கொண்டால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நீ நன்றாகத்தான் வளர்த்திருக்கிறாய்.

படகுத்துறையில் நீ டிக்கெட் வாங்கப் போனபோது நடந்ததை உன்னிடம் அன்றைக்குச் சொல்லவில்லை. ஒரு வயசான அம்மாள் குட்டியின் கன்னத்தைக் கிள்ளி, இவங்க யாரு உனக்கு என்று கேட்டார். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, "எங்க சித்தி. இங்க கைடா இருக்காங்க" என்றாள். மலையம்மா என்றுகூடச் சொல்லவில்லை. வெளியாளிடம் அதை விளக்க முடியாது என்று யோசித்திருப்பாள், புத்திசாலிதான். அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

சரி, நல்ல சேதிக்கு வருகிறேன். வீடு வந்துவிட்டது, அக்கா. எனக்கு முன்னால் இருந்த தோட்டக்காரர் வேலையை விட்டுப் போய்விட்டார். மாளிகைக்குப் பின்னால், பழைய குதிரை லாயத்தைத் தடுத்துக் கட்டியது. ஓர் அறை, ஒரு சமையலறை, கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கமாக. டிசம்பர் கடைசியில் சாவி தருவார்கள். பனிக்காலத்தில் மாளிகையை மூடிவிடுவோம், எனக்கு வேலையே கிடையாது. சுற்றிக்காட்ட ஒன்றும் இருக்காது. இந்தத் தடவை ஓட்டல் வேண்டாம். அவள் என்னோடு தங்கட்டும், நீயும் தங்கு. சமைப்போம், தூங்குவோம், தலை பின்னிவிடுகிறேன். அவள் பனியைப் பார்க்க வேண்டும் என்று முதல் தடவையிலிருந்தே கேட்கிறாள்.

ஜனவரி முதல் வாரத்தில் வாருங்கள். அதற்குப் பிறகு கேட்போம் அவளை.

உன் தங்கை

ஜனவரி 9

தங்கச்சிக்கு,

இந்த வாரம் வர முடியவில்லை. வாலுக்குக் காய்ச்சல். பெரிதாக ஒன்றும் இல்லை, தொண்டைதான். குளிரில் கூட்டிவர வேண்டாம் என்று டாக்டர் சொல்கிறார். உன் அத்தானுக்கும் ஆபீசில் லீவு இல்லை. நீ வீடு மாறி ஒழுங்கு பண்ணிக்கொண்டிருப்பாய், அதைப் பார். உடம்பைப் பார்த்துக்கொள்.

அவசரமாக எழுதுகிறேன்.

அக்கா

ஜனவரி 16

அக்கா,

காய்ச்சல் எப்படி இருக்கிறது?

நான் அவளைப் பார்த்தேன். ஆறாம் தேதி காலையில், ஏரிக்கரையில். வீட்டு ஜன்னலுக்குக் கொக்கி வாங்கக் கடைத்தெருவுக்கு இறங்கியிருந்தேன். ஏரி ஓரமெல்லாம் உறைந்து கிடந்தது. ஒரு மஞ்சள் குல்லாய் பனியில் விழுந்து எழுந்து விழுந்துகொண்டிருந்தது. யார் வீட்டுப் பிள்ளை இப்படிச் சிரிக்கிறது என்று நின்று பார்த்தேன். பிறகு அத்தானைப் பார்த்தேன். பிறகு உன்னைப் பார்த்தேன்.

இப்போதுதான் வந்து இறங்கியிருக்கிறீர்கள், நேராக வீட்டுக்கு வரப்போகிறீர்கள் என்று நினைத்தேன். பைத்தியக்காரி, வீட்டில் அடுப்பில் என்ன இருக்கிறது என்றுகூட யோசித்தேன். ஓடிவரக் காலை எடுத்தேன். அப்போது அத்தான் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார், நீ அவள் காலணியைக் கழற்றி உள்ளே இருந்த பனியைத் தட்டினாய். அவள் உன் தலையைப் பிடித்துக்கொண்டு, உன் கூந்தலில் பனியை வைத்துத் தேய்த்தாள். நீ அடிக்கிற மாதிரி கையை ஓங்கினாய். மூன்று பேரும் சிரித்தீர்கள்.

சோளம் சுடுகிறவரின் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் எனக்கு ஒன்று சுட்டு நீட்டினார், வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். அக்கா, ஒன்பது மாசமாக நான் அவளுக்கு இந்த ஊரில் காட்டாத இடமில்லை. எங்கேயும் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் நீங்கள் பஸ் ஏறும் வரைக்கும் காத்திருந்தேன். கதவைத் தட்டுவாய் என்று நினைத்தேன். அடுத்த வாரம் உன் காய்ச்சல் கடிதம் வந்தது.

திட்டுவதற்காக எழுதவில்லை. திட்டத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. ஒன்றே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் இந்த ஊரில்தான் இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். அந்த ரெண்டு நாளில் ஒரு தடவையாவது என்னைக் கேட்டாளா? உண்மையைச் சொல். இனிமேல் டாக்டர் மேல் பழியைப் போடாதே.

உன் தங்கை

ஜனவரி 25

என் தங்கத்துக்கு,

உன் கடிதத்தை உன் அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து போய்விட்டார். எனக்கு உன் முகத்தில் விழிக்கும் யோக்கியதை இல்லை.

உன்னைப் பார்க்கத்தான் வந்தோம், அது நிஜம். பை நிறைய உனக்குச் சாமான் எடுத்து வந்திருந்தேன், திரைச்சீலைகூட. முதல் நாள் பனியில் விளையாடட்டும், சாயந்தரம் உன்னிடம் போகலாம் என்று நினைத்தோம். சாயந்தரம் அவள் சொன்னதைக் கேட்டுத்தான் என் கால் நகரவில்லை. அதை உனக்கு எழுதக் கூடாது என்றே காய்ச்சல் என்று எழுதினேன். நீ உண்மையைச் சொல் என்கிறாய்.

கேட்டாள். உன்னைப் பற்றித்தான் பேசினாள். "சித்திகிட்ட சொல்லாதீங்கம்மா. சொன்னா வந்து சுத்திக் காட்ட ஆரம்பிச்சிடுவாங்க. நாம சும்மா விளையாடிட்டுப் போயிடலாம்."

வெறுப்பாகச் சொல்லவில்லை. உன்மேல் அவளுக்குக் கோபமே கிடையாது. கோபமாவது இருந்தால் நான் சமாதானம் பண்ணியிருப்பேன். சித்திக்கு வீடு வந்திருக்கிறது, சுற்றிக்காட்ட மாட்டார்கள், சும்மா இருக்கலாம் என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சும்மா இருந்தா அவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்மா, பாவம்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீ ஆகஸ்டில் எனக்கு எழுதியது அவளுக்கு எப்படித் தெரிந்தது? நான் சொல்லவில்லை.

ஊருக்கு வந்த பிறகு அந்தக் கேள்வியையும் கேட்டுவிட்டேன். நீ பக்கத்தில் இல்லாமல் கேட்டது தப்புத்தான். எங்களோடு வருகிறேன் என்று சொன்னாள். உடனே சொன்னாள்.

தத்துக் கொடுக்கும் தாளை இதனோடு வைத்திருக்கிறேன். நீ கிழித்துப் போட்டாலும் நான் உன்மேல் வருத்தப்பட மாட்டேன். கிழித்தால் மார்ச்சில் உன் அத்தானை மட்டும் அனுப்பிவிட்டு நானும் அவளும் இங்கேயே இருப்போம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். போட்டுவிடேன் என்று உன்னிடம் கெஞ்ச வேண்டும்போல இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை.

உன் அக்கா

பிப்ரவரி 13

அன்புள்ள அக்கா,

தாளைப் பதினாறு நாள் வைத்திருந்தேன். அந்தப் பதினாறு நாளும் இந்த வீட்டில் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். அவள் சொன்னது சரிதான், ஒரு மாதிரிதான் இருக்கிறது.

அத்தானைத் தனியே அனுப்ப வேண்டாம். அவர் இல்லாமல் அந்தத் தோளுக்கு எங்கே போவாள் அவள்? மூன்று பேரும் போங்கள். போவதற்கு முன்னால் இங்கே ஒரு தடவை வரட்டுமா என்று கேட்காதே. வந்தால் நான் மறுபடியும் ஏதாவது காட்டத் தொடங்கிவிடுவேன், அவளும் சமர்த்தாகக் கேட்டுக்கொள்வாள். அங்கே குளிர் எப்படி என்று விசாரித்துக்கொள். உள்ளங்கால் சில்லென்றால் அவளுக்குத் தூக்கம் வராது. குழந்தையிலேயே அப்படித்தான், அது ஒன்று எனக்குத் தெரியும்.

இன்றைக்குப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். பனியில் பாதி ஆட்கள் வரவில்லை, ஒரே ஒரு குமாஸ்தா இருந்தார். என்னைக் கைடாகத் தெரிந்தவர், அவர் பெண்ணுக்கு மாளிகையைக் காட்டியிருக்கிறேன். தாளை வாங்கிப் படித்தார். பிறகு ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டி, இது காலியாக இருக்கிறது, நிரப்ப வேண்டும் என்றார். குழந்தைக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டிருந்தது.

எனக்குச் சட்டென்று எழுத வரவில்லை. சித்தி என்று போடலாமா என்று அவரையே கேட்டேன், அக்கா. சிரிக்காதே, நிஜமாகவே கேட்டேன். அவர் பேனாவை என் பக்கம் தள்ளி, "சித்தின்னா செல்லாதும்மா. பெத்தவங்கதான் கொடுக்க முடியும்" என்றார்.

அதனால் தாய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தாள் இதனோடு இருக்கிறது.

உன் தங்கை